பலகையை ஓட்டியது நீ இல்லை

வியாசர்பாடி,
2006 ஜூன், ஞாயிறு.

அன்புள்ள அண்ணன் பீம்ராவுக்கு,

நீ பொய்யன். எண்ணூர் ரோட்டில் அந்தச் சக்கரப் பலகையை ஓட்டியது நான். நீ டீக்கடை பெஞ்சில், முழங்கையில் கட்டோடு, மசால்வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இதைச் சொல்லியாகிவிட்டது. இனி முறைப்படி ஆரம்பிக்கிறேன். தங்கை அன்புக்கரசி எழுதிக்கொள்வது. ஜெய்பீம். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு ஆவல் இல்லை, ஏனென்றால் உன்னோடு ஒரே அறையில் படுத்து எழும் ஷாகுல் ஹமீது அண்ணன் லீவில் வந்து உன் நலத்தை விலாவாரியாகச் சொல்லிவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாயாம், கன்னத்தில் சதை போட்டுவிட்டதாம், சிங்கப்பூரில் எல்லாரும் உன்னை மதிக்கிறார்களாம். அந்த மதிப்பு எதனால் வந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை ஷாகுல் அண்ணன் தொழுகை முடித்துவிட்டுத் தண்டையார்பேட்டையிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். நீ கொடுத்தனுப்பிய தைலம், சாக்லேட், அம்மாவுக்கு நைட்டி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார், டீ குடித்தார். அதோடு போயிருந்தால் எனக்கும் உனக்கும் சண்டையே இல்லை. அம்மா சும்மா இருக்காமல், எம்புள்ள அங்க எப்பிடி கீறான் என்று கேட்டுவிட்டாள். உடனே அவர் எழுந்து, நம் ஹாலில், அதாவது கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் மிச்சமிருக்கும் அந்த இடத்தில் நின்று, முழங்காலை மடக்கி, வலது கையை இறக்கை மாதிரி விரித்து, இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் சாய்ந்து காட்டினார்.

"வுட்டான் பாருங்கம்மா ஒரு வுடு. லாரிக்கும் லாரிக்கும் நடுவுல பூந்து, கடல் பக்கமா வந்து, மறுக்கா அடுத்த சந்துல பூந்து, பாம்பு போற மாரி போயிருக்கான். டிரைவருங்கோ எல்லாம் ஆரன் அடிச்சானுங்களாம். ரூம்ல வாரத்துக்கு ஒரு தபா இந்தக் கதைய சொல்லச் சொல்லிக் கேப்போம்."

அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு காத்தூன் பீவியைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் நடிக்கச் சொன்னாள். அவரும் நடித்தார். இரண்டாவது தரம் இன்னும் இரண்டு லாரி அதிகமாகச் சேர்ந்திருந்தது. நான் அடுப்படியிலிருந்து வந்து, அது அண்ணன் இல்லை, நான்தான் ஓட்டினேன் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஷாகுல் அண்ணன் விருந்தாளி என்பதால் மெதுவாகச் சிரித்தார். "ஆமாமா, இவதான் ஓட்டனா. ராயபுரத்துல ரயிலும் இவதான் ஓட்டுறா," என்றாள் அம்மா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நேற்று நீ காத்தூன் பீவி வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டபோது, அம்மா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி நேராகவே கேட்டேன். யார் ஓட்டியது, சொல் என்றேன். அதுவரை அம்மாவிடம் கத்தரிக்காய் விலை வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்த உனக்கு அந்த நொடியில் காது அடைத்துவிட்டது. ஹலோ, ஹலோ, கேக்கல அன்பு, லைன் சரியில்ல என்றாய். நீ கேக்கல என்று சொன்னது வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த காத்தூன் பீவிக்கே கேட்டது. அதனால் கடிதம். கடிதத்தில் லைன் கோளாறு வராது.

நீ உன் கதையைப் பல தடவை சொல்லிச் சொல்லி அதுதான் நடந்தது என்று நம்பியிருப்பாய். அதனால் நடந்ததை நடந்த மாதிரி ஒரு முறை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோடையில் மெட்ராஸில் தண்ணீர் இல்லை. தெருமுனைக்கு லாரி வரும், குடங்கள் வரிசையில் நிற்கும், குடத்துக்குப் பின்னால் நாம் நிற்போம். அந்த நேரம் பார்த்து நீ லீவில் வந்தாய். துண்டில் சுற்றி ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தாய். அம்மா மிக்சி என்று நினைத்தாள். அவிழ்த்துப் பார்த்தால் பலகை. கடையில் வைத்திருக்கும் ஸ்கேட்டிங் போர்டு மாதிரியும் இல்லை. நீளம் குறைவு, நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது. சக்கரங்கள் பன் மாதிரி கொழுகொழு என்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தன, நகத்தால் அழுத்தினால் அமுங்கின. அடியில் அச்சு நேராக இல்லாமல் சாய்வாக ஒரு ஸ்பிரிங்கோடு தொங்கியது. பலகையில் ஒரு பக்கம் சாய்ந்தால் அச்சும் அந்தப் பக்கம் மடங்கும், பலகை தன் வாலைத் தானே கடிக்கப் போகிற நாய் மாதிரி சுற்றும். இது சப்பாத்தி தேய்க்கிறதுக்கா என்று அம்மா கேட்டாள். நீ பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினாய். நீ வேலை செய்யும் கப்பல் யார்டில் ஃபோர்மேனாக இருக்கும் லிம் என்பவர் ஓய்வு நேரத்தில் சொந்தமாக யோசித்துச் செய்த பலகை இது, சிங்கப்பூர் ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருப்பதால் அங்கே ஓட்டிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, மோசமான ரோட்டில் எப்படிப் போகிறது என்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அதற்காக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றாய். உன் திறமைக்காக இல்லை, நம் ரோட்டுக்காக. நம்மிடம் இருந்து வெளிநாட்டுக்காரன் கேட்டு வாங்குகிற அளவுக்குத் தரமான சரக்கு குழி ஒன்றுதான் என்று அன்றைக்கே நான் சொன்னேன். நீ சிரித்தாய். அது சிரிக்கச் சொன்னது இல்லை.

அடுத்து அந்த வார்த்தை. லிம் பலகையைக் கொடுக்கும்போது, வெரி டைட் டர்னிங் என்று சொல்லி அனுப்பினாராம். நம் பக்கத்தில் டைட் என்றால் என்ன? நட்டு டைட். கதவு டைட். கையில் காசு டைட். நீயோ ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். டைட்டான எதைப் பார்த்தாலும் ஸ்பேனரைத் தேடுகிறவன். நீ என்னிடம் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"ஆளு நேர்மையா ஒத்துக்கினாரு அன்பு. திரும்பச்சொல்ல டைட்டா கீதாம். அதான் ஃபிட்டராண்ட குடுத்துக்கீறாரு. லூசு பண்ணிட்டா மேட்டர் ஓவர்."

மண்ணெண்ணெயில் ஊற வைத்தாய். அப்பா ஹார்பரிலிருந்து டப்பாவில் கொண்டுவந்திருந்த கிரேன் கிரீஸைப் பூசினாய். நட்டைத் திருகித் திருகி, இன்னும் ஒரு சுற்று சுற்றினால் கழன்று கையோடு வந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்தினாய். ஏற்கெனவே தலை சுற்றுகிற பலகைக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு கீழே போய், பிளாக்கே வேடிக்கை பார்க்க, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறினாய். பலகை இடது பக்கம் போனது. நீ நேராகப் போனாய். நேராக இருந்தது காத்தூன் பீவி துவைத்துக் காயப்போட்டிருந்த ஜமுக்காளம். ஜமுக்காளத்தோடும் கொடியோடும் கொடிக்கம்பத்தோடும் சேர்ந்து விழுந்து, உள்ளேயிருந்து நீ சொன்ன முதல் வார்த்தை, ரோடு சரியில்ல. முழங்கை வீங்கிப் போய், புத்தூர் கட்டு கட்டி, லீவு முடிகிற வரைக்கும் சோற்றை இடது கையால் தின்றாய். அந்தப் பலகை மேல் நீ நின்றது மொத்தமாகவே அவ்வளவுதான். பீம்ராவ் அவர்களின் வாகன சரித்திரம் ஜமுக்காளத்தில் தொடங்கி ஜமுக்காளத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு பலகை அம்மா கைக்குப் போனது. அம்மாவின் கண்ணுக்குச் சக்கரம் வைத்தது எதுவாக இருந்தாலும் அது தண்ணீர் வண்டிதான். லாரியிலிருந்து பிடித்த குடத்தைப் பலகை மேல் வைத்து, பழைய புடவைக் கிழிசலைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். குடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் தளும்ப, பலகை அந்தப் பக்கம் சாய, சாய்ந்த பக்கம் திரும்ப, அம்மா நம் படிக்கட்டை நோக்கி நடக்க, குடம் அவள் கையை உதறிவிட்டு நிதானமாக வளைந்து போய் காத்தூன் பீவியின் அண்ணன் குடியிருக்கும் தரைத்தள வீட்டு வாசலில் நின்றது. அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த காத்தூன் பீவி ஒரு வார்த்தை பேசாமல் குடத்தை உள்ளே எடுத்துப் போய் அண்டாவில் கொட்டிவிட்டுக் காலிக் குடத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா கேட்ட கேள்விக்கு, "நடந்து வந்த தண்ணிய யாராவது வாணாம்பாங்களா?" என்றார். இரண்டு வீட்டுக்கும் ஒரு வாரம் பேச்சில்லை. மறுநாளும் அம்மா முயற்சி செய்தாள், மறுநாளும் அதே வாசல். பலகைக்கு அந்த வீட்டு மேல் ஏதோ பாசம்.

மூன்றாம் தடவை, குடம் கிளம்பும்போது நான் ஓடிப்போய் ஒரு காலைப் பலகை மேல் வைத்து நிறுத்தப் பார்த்தேன். அது நிற்கவில்லை. நான் சாய்ந்த பக்கமே சாய்ந்து என்னோடு ஒரு வட்டம் போட்டது. குடம் விழுந்து உடைந்தது, அம்மா கத்தினாள், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. காலுக்கு அடியில் ஒன்று என் பேச்சைக் கேட்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வீட்டில், காலேஜில், பஸ்ஸில், என் பேச்சைக் கேட்ட முதல் பொருள் அதுதான், அண்ணா.

அதற்கப்புறம் மொட்டை மாடி. உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை, இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த தொட்டிகள், ஆன்டெனாக் கம்பிகள், துணிக் கொடிகள், நடுவில் பாய் விரிக்கிற அளவுக்குச் சிமெண்ட் தரை. நேராக ஓடுகிற பலகையாக இருந்திருந்தால் கால் வைத்ததும் கைப்பிடிச்சுவர் வந்துவிடும், அதோடு கீழேதான். இது அந்தப் பாய்க்குள்ளேயே திரும்பியது. தொட்டியைச் சுற்றித் திரும்பியது, கொடிக்குக் கீழே குனிந்து திரும்பியது. நம்மை மாதிரி ஆட்களுக்குக் கொடுத்திருக்கிற இடத்தை அளந்து பார்த்துச் செய்த மாதிரி இருந்தது. நீ தொட்டி நிழலில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கோச் மாதிரி உட்கார்ந்திருப்பாய். தூரத்தில் மணலி ரிஃபைனரி புகைபோக்கி நுனியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கேஸ் நாற்றம் வரும், நாம் இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்துவோம். உன் அறிவுரைகளில் முக்கால்வாசி உபயோகமில்லாதவை. ஒன்று மட்டும் உதவியது. காலப் பாக்காத, போற எடத்தப் பாரு என்றாய். அதை ஒத்துக்கொள்கிறேன். நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன், கவனித்துக்கொள். எழுதும்போது இப்போதும் அந்தச் சிமெண்டின் சூடு உள்ளங்காலில் தெரிகிறது. மொட்டை மாடியை இப்போது பூட்டிவிட்டார்கள், செல்ஃபோன் கோபுரம் வைத்திருக்கிறார்கள்.

லாரி ஸ்டிரைக் அறிவித்தவுடன் எண்ணூர் ரோட்டுக்குப் போகலாம் என்றது நான். நீ பயந்தாய். நான் தையல் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீ டாக்டரிடம் போவதாகச் சொன்னாய். காசிமேடு தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தால் ரோடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் ரோடு என்று ஒன்று இருப்பதையே நான் பார்த்ததில்லை, கண்டெய்னர் லாரிகளின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். எப்போதும் ஹார்பர் கேட்டுக்காக நகராமல் நிற்கிற லாரிகள் அன்றைக்கு ஓரமாக ஒதுங்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் திருவொற்றியூர் பக்கம் வரைக்கும் நின்றன. நடுவில் தார் ரோடு, குழிகளோடு, யாரும் இல்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் லாரி, லாரிக்கு அந்தப் பக்கம் கருங்கல், கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் மூட்டிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் சுற்றினேன். முடிச்சு நிற்கவில்லை, அதனால் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். ஏறினேன்.

முதலில் குழிகளைச் சுற்றிப் போனேன். நீ லூசு பண்ணி வைத்த பலகை குழியைப் பார்த்ததும் தானாக ஒதுங்கியது. பிறகு ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் சாய்ந்தேன். உள்ளே இருட்டு, டீசல் வாசனை, டக்கென்று கடல். கல்லோரமாக ஒடித்துத் திரும்பி அடுத்த சந்து, இருட்டு, டக்கென்று ரோடு. மறுபடியும் கடல், மறுபடியும் ரோடு. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கடல். குழம்பு வைத்துக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார், அவர் பெயர் ராமதாஸ், நாமக்கல் பக்கம், அப்புறம் நமக்கு அந்தக் குழம்பையே ஊற்றிச் சோறு போட்டாரே, அவர்தான். அவர் வண்டிக்குள் ஏறி ஆரனை ஒரு அழுத்து அழுத்தினார். அடுத்த லாரிக்காரர் அழுத்தினார். அப்படியே வரிசையாக அந்த ரோடு நெடுகிலும் ஆரன். பிறந்ததிலிருந்து அந்த ஆரன்கள் என்னை நகரு நகரு என்றுதான் கத்தியிருக்கின்றன. அன்றைக்கு ஒரு நாள் வேறு மாதிரி கத்தின.

ஆரன் சத்தம் கேட்டு, ஸ்டிரைக்கை உடைத்து யாரோ லாரி எடுக்கிறார்கள் என்று நினைத்துப் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் பறந்து வந்தார். நான் பலகையோடு ஒரு டிரெய்லருக்கு அடியில் பதுங்கினேன். யார்யா ஆரன் அடிச்சது என்று கேட்டார். கொசு கடிச்சுது சார், அடிக்கப்போனேன், ஆரன்ல கை பட்டுடுச்சு என்றார் ராமதாஸ். எல்லா வண்டியிலுமா கொசு என்று அவர் கேட்டதற்கு, இது எண்ணூர் கொசு சார், கூட்டமாத்தான் வரும் என்றார். பிறகு போலீஸ்காரர் டீக்கடை பெஞ்சில் இருந்த உன்னிடம் வந்தார். நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றாய். அங்கே பஸ் ஸ்டாப்பே கிடையாது. அந்த ஆள் போன பிறகு ராமதாஸ் உன்னிடம் கேட்டதும் நீ சொன்னதும் டிரெய்லருக்கு அடியில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"யாருப்பா அந்தப் பொண்ணு? உன்கூட வந்ததா?"

"தெரியலண்ணே. யாரோ."

பயத்தில் சொன்னாய் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தேன். சாப்பிட்டுவிட்டு, பஸ் வராமல், ராயபுரம் வரைக்கும் நடந்தோம். பலகையைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் என்னை மாதிரியே நடித்துக் காட்டினாய், முழங்காலை மடக்கி, கையை விரித்து. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரம் நீயும் போனாய், பலகையும் போனது. அப்புறம் நீ லீவுக்கே வரவில்லை.

இப்போது கேள். போன வெள்ளிக்கிழமை ஷாகுல் அண்ணன் நடித்துக் காட்டும்போது இடது கையை இடுப்பிலேயே வைத்திருந்தார். அது எதற்கு என்று அவரிடம் கேட்டேன். பீம்ராவ் அப்படித்தான் காட்டுவான் என்றார். அது துப்பட்டா நுனி, அண்ணா. நீ பேண்ட் சட்டையில் எந்தத் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாய்? என் பெயரைக் கழற்றிவிட்டாய், கையைக் கழற்ற மறந்துவிட்டாய்.

இன்னொன்றும் ஷாகுல் அண்ணன் சொன்னார். பலகையைத் திருப்பிக் கொடுத்தபோது லிம் அசந்துவிட்டாராம். இவ்வளவு லூசாக வைத்து இதில் மனிதன் நிற்கவே முடியாதே, யார் ஓட்டியது என்றாராம். இப்போது அவர் செய்கிற பலகைகள் எல்லாவற்றிலும் அந்த நட்டு அந்த இடத்தில்தானாம். டைட் டர்னிங் என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். நான் மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் சீல் நம்பர் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். டிரெய்லர் ஒன்று குறுகின இடத்தில் ஒடித்துத் திரும்பியபோது ஆபீசர் அதே வார்த்தையைச் சொல்லி டிரைவரைப் பாராட்டினார். அது குறை இல்லை, பாராட்டு. லிம் பாராட்டிச் சொன்னதைக் குறை என்று நினைத்து நீ ரிப்பேர் செய்தாய், நீ கெடுத்து வைத்ததை நான் ஓட்டினேன், அதைத்தான் அவர் அதிசயம் என்கிறார். இதில் உன் பங்கு ஒரு ஸ்பேனர்.

இந்த யார்டில் என் கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. காண்ட்ராக்டர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லேபர் என்று போட்டிருக்கும். அப்பா காலமெல்லாம் முதுகில் ஏற்றிய மூட்டைகளில் யார் யார் பெயரோ அச்சடித்திருந்தது, அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. நாம் செய்ததை இன்னொருத்தன் செய்ததாகச் சொல்வது இந்த ஊரில் புதுசு இல்லை. அதை முதலாளி செய்வான், காண்ட்ராக்டர் செய்வான். கூடப் பிறந்தவன் செய்வான் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு நாளைத் தவிர என்னுடையது என்று சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதை நீ ரூமில் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிக் கைதட்டு வாங்குகிறாய்.

ஆகவே நீ நாளைக்கே லிம்மிடம் போ. ஓட்டியது நான் இல்லை, என் தங்கை என்று சொல். பெயர் அன்புக்கரசி, அவருக்கு வாயில் நுழையாவிட்டால் அன்பு போதும். அறையில் இருக்கிறவர்களிடம் சொல். அம்மாவிடம் ஃபோனில் சொல், லைன் சரியாக இருக்கிற நேரமாகப் பார்த்து.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், கூடவே எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். காத்தூன் பீவி தன் துஆவில் உன் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்கிறார், ஜமுக்காளத்தை மறந்துவிட்டாராம். அப்பா தூங்குகிறார், எழுந்தால் அவரும் ஏதாவது சொல்வார், அதையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
பலகையை ஓட்டிய
அன்புக்கரசி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. கடிதத்தை வாங்கிக்கொண்டு போக ஷாகுல் அண்ணன் வந்திருக்கிறார், நாளைக்கு அவருக்கு ஃபிளைட். உறை தடிமனாக இருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். நீ கப்பல் டேங்குக்குள் இறங்கி எண்ணெய்க் கசடு சுரண்டுகிற வேலையில் இருந்ததாகவும், அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் லிம் உன்னை வெளியே எடுத்துத் தன் ஷெட்டில் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். நீ எங்களிடம் எப்போதும் ஃபிட்டர் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறாய். "அந்தக் கத இல்லன்னா அவனும் இன்னம் உள்ளதான்மா. நான் உள்ளதான் கீறேன்," என்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதனால் லிம்மிடம் ஒன்றும் சொல்லாதே. ரூமில் ஒன்றும் சொல்லாதே. நீதான் ஓட்டினாய். நானும் இனி அப்படியே சொல்கிறேன். இப்போதே அம்மாவிடம் போய், அண்ணன்தான் ஓட்டினான், நான் சும்மா சொன்னேன், நானும் கூடப் போயிருந்தேன் அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "கூடப் போனியா? அவன் வுட்டுகினு இருந்தப்ப நீ இன்னாடி பண்ணிகினு இருந்தே?" என்று கேட்கிறாள். கையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஷாகுல் அண்ணன் உறையை ஒட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன், அண்ணா? நீயே சொல்லு.